கழிபொருளின் கதை – 9: காகிதம், கண்ணாடி, தகரம்

சென்ற அத்தியாயத்தில், எகிப்தின் தென்பகுதிக் கிராமங்களிலிருந்து கைரோ நகருக்குப் பிழைக்க வந்து, மொகட்டம் குன்றின் அடிவாரத்தில் குடியேறி, ஒரு மாநகரத்தின் கழிவை வீடு வீடாகச் சென்று வாங்கிப் பிரித்து ஜீவனம் நடத்திய ஸப்பாலீன் சமூகத்தாரின் சரித்திரத்தைப் பார்த்தோம். சட்டத்தின் பாதுகாப்போ அரசாங்கத்தின் ஆதரவோ இல்லாமல் அவர்கள் இரண்டு தலைமுறைகளாகக் கட்டியெழுப்பிய ஏற்பாடு, 2003-ஆம் ஆண்டில் நகரத்தின் குப்பை ஐரோப்பியக் கம்பெனிகளுக்கு ஒப்பந்தமாக விடப்பட்டபோது எப்படி ஆட்டங்கண்டது என்பதையும் அங்கே கண்டோம். கழிபொருளை மறுபடியும் பொருளாக்கித் தருகிறவர்களுக்கு அந்தக் கழிபொருளின் மீது ஏதேனும் உரிமை உண்டா என்பது கைரோவில் விடை காணப்படாமல் நின்ற கேள்வி. அதே கேள்வி நம் நாட்டில் புனே நகரத்திலும் எழுந்தது. அங்கே விடை சொன்னவர்கள் தெருத்தெருவாகக் குப்பை பொறுக்கிப் பிழைத்த பெண்கள். அவர்கள் முதலில் ஒரு சங்கத்தையும், அதன் வயிற்றில் ஒரு கூட்டுறவு ஸ்தாபனத்தையும் உண்டாக்கிய வரலாறே இந்த அத்தியாயத்தின் விஷயம்.

கந்தலிலிருந்து காகிதம்

புனே என்றால் நம்மவர்களுக்குப் பேஷ்வாக்களின் கோட்டையும், திலகரின் கேசரிப் பத்திரிகையும், கோகலே நிறுவிய இந்திய ஊழியர் சங்கமுமே பெரும்பாலும் ஞாபகத்துக்கு வருகின்றன. ஜோதிராவ் பூலே 1848-இல் பெண்களுக்கென்று பள்ளிக்கூடம் திறந்ததும், தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட ஜனங்களுக்குத் தம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைத் திறந்துவிட்டதும் இந்த நகரத்தில்தான். கார்வே 1916-இல் இந்தியாவின் முதல் மகளிர் சர்வகலாசாலையை ஸ்தாபித்ததும் இங்கேதான். உழைப்பவருக்கு மரியாதை, பெண்களுக்குக் கல்வி என்ற இவ்விரண்டு லட்சியங்களும் சேர்ந்த இடத்திலிருந்துதான் நம் கதை கிளம்புகிறது என்பதால், அவற்றை முதலிலேயே குறித்துக்கொள்வது நல்லது.

பழையதைப் புதிதாக்கும் தொழிலும் இந்நகரத்துக்கு அந்நியமானதன்று. கஸ்பா பேட்டையில் காகதிபுரா என்று பெயர் வழங்கும் பகுதி, கையால் காகிதம் செய்த தொழிலாளர்கள் வாழ்ந்த இடம். அந்தக் கலையைப் புதுப்பிக்கும் பொருட்டு, காந்தியடிகளின் கிராமக் கைத்தொழில் இயக்கம் ஊட்டிய உற்சாகத்தில், 1940-இல் புனேயில் கைக்காகித நிலையம் ஒன்று ஏற்பட்டது. கிழிந்த பருத்தித் துணியைச் சிறு துண்டுகளாக வெட்டி, ஊறவைத்து, இடித்துக் கூழாக்கி, சல்லடையில் ஏந்தி, அழுத்தி உலர்த்தினால் பல காலம் தாங்கக்கூடிய காகிதம் கிடைக்கிறது. கந்தல் என்று நாம் எறிவது இன்னொருவர் கைக்குப் போனால் மூலப்பொருளாகிவிடுகிறது என்ற சாதாரண உண்மையை இந்த நகரம் நெடுங்காலமாகவே அறிந்திருந்தது. ஆனால், கந்தலைக் காகிதமாக்கும் கைவினைஞனுக்குக் கிடைத்த மதிப்பில் நூறில் ஒரு பங்குகூட, அந்தக் கந்தலைத் தெருவிலிருந்து பொறுக்கி எடுத்துக் கொடுத்தவளுக்குக் கிடைத்ததில்லை.

பஞ்சம் கொண்டுவந்த ஜனங்கள்

சுதந்திரத்துக்குப் பிறகு புனேயைச் சுற்றிலும், முக்கியமாகப் பிம்ப்ரி, சிஞ்ச்வட் பகுதிகளில், தொழிற்சாலைகள் பெருகின. நகரம் விரிந்தது; அதன் குப்பையும் விரிந்தது. 1972-இல் மகாராஷ்டிரத்தை வாட்டிய கடும் பஞ்சம் மராத்வாடா முதலிய வறண்ட ஜில்லாக்களிலிருந்து நிலமற்ற குடும்பங்களைக் கூட்டங்கூட்டமாக நகரத்தை நோக்கித் துரத்தியது. வந்தவர்களில் பெரும்பாலோர் மகார், மாங் முதலிய தாழ்த்தப்பட்ட சாதியினர். ஆண்கள் கட்டட வேலைக்கும் மூட்டை தூக்கவும் போனார்கள். பெண்களுக்கு முன் இருந்த வழிகள் சொற்பம்: வீட்டு வேலை செய்யலாம், அங்கேயும் சாதி குறுக்கே நின்றது. மூலதனம் வேண்டாம், சிபாரிசு வேண்டாம், எஜமானின் ஏச்சைக் கேட்க வேண்டாம், அன்றைக்குப் பொறுக்கியதை அன்றைக்கே விற்று அரிசியோ சோளமோ வாங்கிவரலாம் என்றிருந்த ஒரே தொழில் குப்பை பொறுக்குவதுதான். ஆகவே, இத்தொழிலுக்கு வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்களாகவே இருந்தார்கள்.

விடியுமுன்பே தோளில் ஒரு கோணியைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட வேண்டும். நேரமானால் மற்றவர்கள் தொட்டியைத் துழாவிவிடுவார்கள். சோற்றுப் பருக்கையும், அழுகிய காய்கறியும், உடைந்த கண்ணாடியும், நாப்கினும் ஒன்றாய்க் கலந்து கிடக்கும் தொட்டிக்குள் வெறுங்கையை விட்டு, காகிதத்தையும் அட்டையையும் பாட்டிலையும் தகரத்தையும் தனித்தனியே எடுக்க வேண்டும். பல மைல் நடந்து, சுமை நிறைந்ததும் ஏதாவது ஓர் ஓரத்தில் கொட்டி இனம் பிரித்து, நம் ஊரில் காயலான் கடை என்கிறோமே, அப்படிப்பட்ட கடையில் எடை போட்டுக் கொடுக்க வேண்டும். கடைக்காரர் சொல்லும் எடையே எடை, அவர் சொல்லும் விலையே விலை. அவசரத்துக்கு அவரிடமே முன்பணம் வாங்கியிருந்தால் வேறு கடைக்குப் போகவும் முடியாது. அந்தச் சரக்கு சில்லறைக் கடையிலிருந்து மொத்த வியாபாரிக்கும், அங்கிருந்து காகித ஆலைக்கும் உருக்குப் பட்டறைக்கும் போய்ச் சேரும் நீண்ட சங்கிலியில், முதல் கண்ணியைக் கோத்தவளுக்கே எல்லாரையும்விடக் குறைந்த கூலி. இவற்றோடு, அக்கம்பக்கத்தில் எந்தச் சாமான் காணாமற்போனாலும் போலீஸாரின் சந்தேகம் முதலில் போய் நிற்பது அவள் கோணியின் மீதுதான்.

படிப்புச் சொல்லிக்கொடுக்கப் போனவர்கள்

கார்வே ஸ்தாபித்த அந்த மகளிர் சர்வகலாசாலை, எஸ்.என்.டி.டி. என்ற பெயரில் பிற்காலத்தில் பம்பாயைத் தலைமையிடமாகக் கொண்டபோதிலும், புனேயிலும் தொடர்ந்து நடந்து வந்தது. அதன் முதியோர் கல்வித் துறையில் பணிபுரிந்த லட்சுமி நாராயண், பூர்ணிமா சிகர்மனே என்ற இரு பெண்மணிகள், 1990-ஆம் ஆண்டு வாக்கில், குப்பை பொறுக்கும் பெண்களுக்கும் அவர்களுடைய குழந்தைகளுக்கும் எழுத்தறிவு தரும் உத்தேசத்தோடு குடிசைப் பகுதிகளுக்குப் போனார்கள். பிள்ளைகள் பாடம் கேட்க வரவில்லை. தாய்மாரோடு தொட்டிகளைத் தேடிப் போயிருந்தார்கள். பகலெல்லாம் குனிந்து நிமிர்ந்து களைத்தவளுக்கு மாலையில் சிலேட்டும் பலப்பமும் பெரிய ஆறுதலாக இருக்க முடியாது என்பதை இவர்கள் கண்டார்கள்.

கல்வித் துறையினர் பலர் இந்த இடத்தில் ஓர் அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டுத் திரும்பியிருப்பார்கள். இவ்விருவரும் அந்தப் பெண்களோடு கூடவே நடந்து, தொழில் எப்படி நடக்கிறது என்று பார்த்தார்கள். வீட்டிலேயே மக்கும் குப்பையையும் மற்றதையும் வேறு வேறாக வைத்துக் கொடுத்தால், தொட்டிக்குள் கைவிட வேண்டிய அவசியம் இல்லை. அழுக்குப் படாத காகிதத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் கடையில் கூடுதல் விலை கிடைக்கும். வேலை சீக்கிரம் முடியும். பிள்ளைகளை உதவிக்கு இழுத்துச் செல்ல வேண்டியதில்லை. இவ்வளவும் ஒரே ஏற்பாட்டினால் நடக்கும் என்பது விளங்கியதும், நகரின் ஒரு குடியிருப்புப் பகுதியில் வீடு வீடாகச் சென்று குடும்பத்தாரிடம் பேசி, குப்பையைப் பிரித்துக் கொடுக்கச் சம்மதிக்கச் செய்தார்கள். சுமார் முப்பது பெண்களுக்குச் சர்வகலாசாலையின் பெயரால் அடையாளச் சீட்டு வழங்கப்பட்டது. தொட்டியடியில் நின்றவர்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். இந்த வரலாற்றில் நடந்த பெரிய மாற்றங்கள் எல்லாவற்றுக்கும் அந்தச் சில அடி தூரமே ஆதாரம்.

தொட்டியைக் காத்த போராட்டம்

இந்தப் பரிசோதனை வெற்றி பெற்ற மாத்திரத்தில் அதற்குப் போட்டியும் முளைத்தது. பிரித்து வைத்த குப்பையில் லாபம் இருக்கிறது என்று கண்டுகொண்ட தனியார் ஒருவர், வண்டி வைத்து அதே பகுதியில் வீடு வீடாகக் குப்பை எடுக்கும் வியாபாரத்தைத் தொடங்க முன்வந்தார். குடியிருப்பவர்களுக்கு அது சௌகரியமாகத் தோன்றியதில் வியப்பில்லை. ஆனால் அந்த வண்டி வந்து நிலைத்துவிட்டால், வாசலில் நின்றவர்களுக்கு இனித் தொட்டியும் மிஞ்சாது. பெண்கள் கூடினார்கள், வண்டியை மறித்தார்கள், வீட்டுக்காரர்களிடம் போய், இந்தக் குப்பைதான் எங்கள் பிழைப்பு என்று முறையிட்டார்கள். இமயமலைச் சாரலில் மரங்களை வெட்டவிடாமல் கிராமத்துப் பெண்கள் கட்டிக்கொண்டு நின்ற சிப்கோ இயக்கம் அப்போது நாடெங்கும் பிரசித்தமாயிருந்தபடியால், இதற்கும் குப்பைத்தொட்டிச் சிப்கோ என்ற பெயர் ஏற்பட்டது. குடியிருப்பவர்கள் அவர்கள் பக்கம் நின்றார்கள். வண்டி திரும்பிப் போயிற்று.

வெற்றி சிறிதுதான், அது கற்பித்த பாடமோ பெரிது. ஒரு தெருவின் நல்லெண்ணத்தை நம்பி நடக்கும் தொழில், அடுத்த தெருவில் இன்னொரு வண்டி வந்தால் என்ன ஆகும்? நகரம் முழுவதிலும் இத்தொழிலைச் செய்யும் ஆயிரக்கணக்கானவர்களும் ஒன்று சேர்ந்தாலன்றி நிரந்தரமான பாதுகாப்பு இல்லை என்ற முடிவுக்கு அவர்கள் வந்தார்கள். அதற்கு வழிகாட்டக்கூடிய ஒருவர் அந்நகரத்திலேயே இருந்தார்.

1993 மே

பாபா ஆதவ், 1930-இல் பிறந்தவர், வைத்தியம் படித்தவர், புனே மார்க்கெட்டில் மூட்டை சுமக்கும் ஹமால்களின் முதுகைப் பார்த்த பிறகு, நாடி பார்க்கும் தொழிலைவிட அவர்களுடைய கூலிக்காகப் போராடுவதே பெரிய வைத்தியம் என்று தேர்ந்துகொண்டவர். அவர் அமைத்த ஹமால் பஞ்சாயத்து நாட்டின் சுமைதொழிலாளர் இயக்கங்களுக்கு ஒரு முன்மாதிரி. ஒரு கிராமத்துக்கு ஒரே நீர்நிலை, அதில் சாதி வித்தியாசமின்றி எல்லாரும் தண்ணீர் எடுக்க வேண்டும் என்று எழுபதுகளில் ஊர் ஊராக இயக்கம் நடத்தியவரும் அவரே. பூலேயின் வழியில் வந்த இந்த மனிதரும், குப்பை பொறுக்கும் தாயின் மகனாக வளர்ந்து பொது வாழ்வுக்கு வந்த மோகன் நனாவரேயும், சர்வகலாசாலைப் பெண்மணிகளும் சேர்ந்து அழைத்த மாநாட்டுக்கு, 1993-ஆம் ஆண்டு மே மாதத்தில், புனேயின் மூலைமுடுக்குகளிலிருந்து 800-க்கும் மேற்பட்ட குப்பை பொறுக்குவோர் வந்து கூடினார்கள். அன்று பிறந்ததுதான் காகத் காச் பத்ரா கஷ்டகரி பஞ்சாயத்து. காகிதம், கண்ணாடி, தகரம் பொறுக்கிப் பாடுபடுவோரின் பஞ்சாயத்து என்று அதன் பொருள்.

தொழிற்சங்கம் என்றால் எதிரே ஒரு முதலாளி இருக்க வேண்டும் என்பது நம்முடைய வழக்கமான எண்ணம். இந்தப் பெண்களுக்கு முதலாளி யார்? குப்பையை எறியும் வீட்டுக்காரரா, எடை போடும் கடைக்காரரா, தொட்டி வைத்த மாநகராட்சியா? பஞ்சாயத்தார் இந்தச் சிக்கலைக் கண்டு பின்வாங்கவில்லை. நகரத்தைச் சுத்தமாக வைத்துக்கொள்வது மாநகராட்சியின் கடமை; அந்தக் கடமையின் ஒரு பகுதியை நாங்கள் சம்பளமில்லாமல் செய்து வருகிறோம்; ஆதலால் நாங்கள் கேட்பது தானமன்று, செய்த வேலைக்கு உரிய அங்கீகாரம் என்று அவர்கள் வாதித்தார்கள்.

கணக்குச் சொன்ன பெண்கள்

முதல் பலன் ஒரு சிறு அட்டை. தொண்ணூறுகளின் நடுவில் புனே மாநகராட்சியும், அதை அடுத்துப் பிம்ப்ரி-சிஞ்ச்வட் மாநகராட்சியும் பஞ்சாயத்து வழங்கிய அடையாள அட்டைகளில் தங்கள் முத்திரையைப் பதித்து ஏற்றுக்கொண்டன. புகைப்படமும் பெயரும் உள்ள அந்த அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போகிறவளைக் காவலர் தடுத்தால், அவள் கோணியை அவிழ்த்துக் காட்டி அழ வேண்டியதில்லை. அட்டையைக் காட்டினால் போதும். ஆயுள் முழுவதும் பெயர் சொல்லி அழைக்கப்படாதவளுக்கு, நகரத்தின் சர்க்கார் முத்திரையோடு தன் பெயர் அச்சான ஒரு சீட்டு என்ன என்பதை, பிறந்தது முதல் பத்திரங்களோடு வாழும் நாம் எளிதில் உணர்ந்துகொள்ள முடியாது.

இரண்டாவது பலன் ஒரு கணக்கு. சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனத்தின் ஆதரவில் 2001-இல் வெளியான ஆராய்ச்சியில், புனேயின் குப்பை பொறுக்குவோர் நாள்தோறும் 144 டன் சரக்கைக் குப்பை லாரிகள் ஏற்றிச் செல்வதற்கு முன்பே பிரித்தெடுத்துவிடுகிறார்கள் என்று தெரிய வந்தது. அவ்வளவையும் லாரியில் ஏற்றிக் கிடங்குக்குக் கொண்டுபோகும் செலவு மாநகராட்சிக்கு மிச்சம். அந்த வகையில், ஒவ்வொரு பெண்ணும் மாதந்தோறும் 246 ரூபாய் மதிப்புள்ள உழைப்பைக் கூலி வாங்காமல் நகரத்துக்குக் கொடுக்கிறாள் என்று அந்த ஆராய்ச்சி சொல்லியது. நகரம் இவர்களுக்குப் படியளக்கிறது என்ற அபிப்பிராயம் அந்த ஒரு தொகையால் தலைகீழாயிற்று. இந்தக் கணக்கை முன்வைத்து வாதாடிய பஞ்சாயத்தின் கோரிக்கையை ஏற்று, 2002-03-இல் மாநகராட்சி பதிவு பெற்ற உறுப்பினர்களுக்கு வைத்தியக் காப்பீட்டுப் பிரீமியத்தைத் தானே செலுத்த முன்வந்தது.

சங்கத்துக்குள்ளேயும் வேலை நடந்தது. வட்டிக்காரரின் பிடியிலிருந்து விடுபடக் கூட்டுறவுக் கடன் சங்கம் ஏற்பட்டது. எடைக்கல்லில் ஏமாறாதிருக்கப் பஞ்சாயத்தே பழைய சாமான் கடை நடத்தியது. லாபத்தில் உறுப்பினர்களுக்குப் பங்கு கிடைத்தது. பிள்ளைகளைப் பொறுக்கக் கூட்டிச் செல்வதில்லை, பள்ளிக்கூடத்துக்கே அனுப்புவது என்று பெண்கள் தங்களுக்குள் தீர்மானம் செய்துகொண்டார்கள். அசுத்தத் தொழில் செய்வோரின் பிள்ளைகளுக்கென்று சர்க்கார் வைத்திருந்த கல்வி உபகாரச் சம்பளத்தைத் தங்கள் பிள்ளைகளுக்கும் நீட்டிக்கச் செய்ததும் பஞ்சாயத்தின் முயற்சியே.

இங்கே ஒரு பெரிய கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. செத்த மாட்டை அகற்றுவது முதலான இழிவு சுமத்தப்பட்ட தொழில்களைத் துறந்து வெளியேறுங்கள் என்று தம் ஜனங்களுக்கு வற்புறுத்தியவர் அம்பேத்கர். அவரைத் தெய்வமாகப் போற்றும் குடும்பங்களிலிருந்து வந்த பெண்கள், குப்பைத் தொழிலிலேயே நிலைபெறும் உரிமையைக் கேட்பது அவர் சொல்லுக்கு மாறாகாதா? ஆழ்ந்து யோசித்தால், அம்பேத்கர் கண்டித்த தொழிலின் அடையாளங்கள் மூன்று: பிறப்பினால் கட்டாயமாவது, கூலியில்லாமல் செய்விக்கப்படுவது, செய்கிறவனை அவமதிப்பது. இந்தப் பெண்கள் கையுறையும், கட்டணமும், அடையாள அட்டையும் கேட்டதும், தங்கள் பெண்கள் இத்தொழிலுக்கு வரவேண்டாம் என்று பள்ளிக்கு அனுப்பியதும் அந்த மூன்றையும் எதிர்த்தே அல்லவா? தனக்கு மரியாதை, மகளுக்கு வேறு வழி என்ற அவர்களுடைய இரட்டை லட்சியத்தில் நான் முரண்பாட்டைக் காணவில்லை.

ஸ்வச் பிறந்த விதம்

நாட்டின் நகரங்களுக்கெல்லாம் பொதுவாக 2000-ஆம் ஆண்டில் மத்திய சர்க்கார் வெளியிட்ட திடக்கழிவு விதிகள், குப்பையை வீட்டு வாசலிலேயே வாங்க வேண்டும் என்றும், பிரித்து வாங்க வேண்டும் என்றும் கட்டளையிட்டன. பத்து வருஷங்களுக்கு முன்பு ஒரு தெருவில் இந்தப் பெண்கள் செய்து காட்டியதே இப்போது தேசத்தின் சட்டமாயிற்று. ஆனால், சட்டம் வந்ததும் நகரங்கள் நாடியது மோட்டார் வண்டிகளையும் ஒப்பந்தக்காரர்களையும். புனேயிலும் மணியடித்துக்கொண்டு தெருவில் வரும் லாரிகள் ஓடத் தொடங்கின. ஜனங்கள் கலந்த குப்பையை நேராக அதில் கொட்டினார்கள். காகிதமும் பாட்டிலும் சாம்பாரில் நனைந்த இலையோடு லாரிக்குள் அமுங்கிப் போயின. கைரோவில் நடந்தது புனேயிலும் நடந்துவிடும் போலிருந்தது.

பஞ்சாயத்து இம்முறை வண்டியை மறிப்பதோடு நிற்கவில்லை. அந்த வேலையை நாங்களே முறைப்படி செய்து தருகிறோம் என்று மாநகராட்சியிடம் திட்டம் கொடுத்து, சில பகுதிகளில் செய்தும் காட்டியது. அதன் விளைவாக 2007-இல் பதிவு பெற்றதுதான் ஸ்வச் என்ற கூட்டுறவுச் சங்கம். குப்பை பொறுக்கிய தொழிலாளர்களே அதன் சொந்தக்காரர்கள். 2008-இல் புனே மாநகராட்சி அதனோடு ஐந்து வருஷத்துக்கு உடன்படிக்கை செய்துகொண்டது. தள்ளுவண்டியும் வாளியும் கையுறையும் நிர்வாகச் செலவும் மாநகராட்சியின் பொறுப்பு. வீட்டுக்கு இவ்வளவு என்று குடியிருப்பவர் மாதந்தோறும் தரும் சிறு கட்டணமும், பிரித்தெடுத்த சரக்கை விற்ற பணமும் தொழிலாளியின் வருமானம். ஆண்டுகள் செல்லச் செல்ல 3,000-க்கும் மேற்பட்ட உறுப்பினர்களோடு, நகரத்தின் பல லட்சம் வீடுகளின் வாசலுக்குப் போகும் ஸ்தாபனமாக அது வளர்ந்தது.

வேலை நடக்கும் விதத்தைச் சற்று அருகில் போய்ப் பார்ப்போம். இரண்டு பேர் ஒரு ஜோடி. அவர்கள் பொறுப்பில் நூற்றைம்பது முதல் முந்நூறு வரை வீடுகள். காலையில் தள்ளுவண்டியோடு போய் ஈரக் குப்பையை ஒரு வாளியிலும் உலர் குப்பையை ஒரு சாக்கிலும் வாங்குகிறார்கள். இடம் உள்ள குடியிருப்புகளில் ஈரக் குப்பை அங்கேயே குழியிலோ தொட்டியிலோ உரமாகிறது; இல்லாவிடில் மாநகராட்சி லாரிக்குப் போகிறது. உலர் சாக்கு கொட்டகைக்கு வந்து தரையில் கொட்டப்படுகிறது. பழகாத கண்ணுக்கு அது ஒரே குவியல். உட்கார்ந்திருப்பவளுக்கோ அது பத்துப் பதினைந்து சரக்கு: வெள்ளைக் காகிதம் வேறு, செய்தித்தாள் வேறு, அட்டை வேறு, தண்ணீர்ப் பாட்டில் ஒரு பக்கம், அதன் மூடி இன்னொரு பக்கம், பால் கவர், வாளி உடைந்த கெட்டிப் பிளாஸ்டிக், இரும்பு, அலுமினியம், கண்ணாடி எல்லாவற்றுக்கும் தனி இடம், தனி விலை. பளபளக்கும் தின்பண்டக் கவரை மட்டும் அவள் எடுத்துப் பார்த்துவிட்டு ஒதுக்கிவிடுகிறாள். பல அடுக்குகளாக ஒட்டிச் செய்யப்பட்ட அதை வாங்குவாரில்லை. எந்தப் பொருள் மறுபிறவி எடுக்கும், எது எடுக்காது என்று நிர்ணயிக்கும் ஞானம் அந்தக் கொட்டகைத் தரையில் இருக்கிறது. தொழிற்சாலைகளில் பொருளை உருவாக்குகிறவர்கள் அங்கே வந்து ஒரு காலைப்பொழுது உட்கார்ந்திருந்தால், நாட்டின் குப்பையில் கணிசமான பகுதி பிறக்காமலே போய்விடும்.

நிர்மால்யமும் சிவப்புப் பொட்டும்

கூட்டுறவு ஏற்பட்ட பிறகு, குப்பையை அள்ளுவதைத் தாண்டி அதைக் குறைக்கும் முயற்சிகளிலும் ஸ்வச் இறங்கியது. விநாயக சதுர்த்தி புனேயின் மகோற்சவம் என்பதை யாவரும் அறிவர். விசர்ஜன தினங்களில் முட்டா நதிக்கரைக்கு வரும் ஜனங்கள் மாலையையும் அருகம்புல்லையும் செவ்வந்தியையும் அவை சுற்றிவந்த பிளாஸ்டிக் பையோடு ஆற்றில் போடுவது வழக்கமாயிருந்தது. ஸ்வச்சின் பெண்கள் படித்துறைகளில் நின்று அந்த நிர்மால்யத்தைக் கையில் வாங்கிக்கொள்கிறார்கள். பூவும் இலையும் உரத்துக்குப் போகின்றன, பையும் அட்டையும் பிரிக்கப்படுகின்றன, ஆறு அந்த அளவுக்குத் தப்புகிறது. சுவாமிக்குச் சாத்திய மாலையை எந்தச் சாதியாரின் கையில் கொடுப்பது என்று ஒரு காலத்தில் யோசித்த ஊரில், பக்தர்கள் வரிசையாக வந்து அதை அந்தப் பெண்களின் கையில் ஒப்படைப்பதை ஒரு சிறு புரட்சி என்றே சொல்ல வேண்டும். வீட்டில் உபயோகமற்றுக் கிடக்கும் துணிமணியையும் பாத்திரத்தையும் சாமான்களையும் குடியிருப்புகளிலிருந்து சேகரித்து, நல்லவற்றை மறுபடி உபயோகிப்போரிடம் சேர்ப்பிக்கும் முகாம்களையும் ஸ்வச் நடத்தியது.

மற்றொன்று, பேச எல்லாரும் கூசும் விஷயம். வீடுகளிலிருந்து வரும் நாப்கின்கள் சுற்றப்படாமல் மற்றக் குப்பையோடு கிடந்தால், பிரிக்கிறவள் கை அவற்றின் மீதுதான் படும். ஆகவே, பழைய செய்தித்தாளில் சுற்றி, மேலே சிவப்புப் பொட்டு ஒன்று வைத்துக் கொடுங்கள் என்று ஸ்வச் வீடுதோறும் வேண்டிக்கொண்டது. அதற்கென்றே பழைய செய்தித்தாளில் சிறு பைகளைச் செய்து விற்றது. பொருளை விற்றவருக்கு அதன் கழிவிலும் பொறுப்பு உண்டு என்று 2011-இன் பிளாஸ்டிக் விதிகள் சொல்லியிருந்தும் உற்பத்தியாளர்கள் அசையாதிருக்கக் கண்டு, 2013-இல் பயன்படுத்திய நாப்கின்களைக் கட்டி அவர்களுக்கே அனுப்பிவைத்தார்கள். அருவருப்பான செய்கை என்று முகம் சுளித்தவர்கள், அதே அருவருப்பை அந்தப் பெண்கள் தினமும் கையால் எடுக்கிறார்கள் என்பதை அன்றுதான் சிந்தித்தார்கள்.

இந்த வரலாற்றின் சாரம்

புனேயின் குப்பையெல்லாம் இதனால் மறைந்துவிடவில்லை. நகரத்துக்கு வெளியே ஊருளி தேவாச்சி, புர்சுங்கி என்ற இரு கிராமங்கள், நகரம் கொட்டிய மலையின் நாற்றத்தையும் கெட்டுப்போன கிணற்று நீரையும் தொண்ணூறுகளிலிருந்து அனுபவித்து, பல முறை லாரிகளை மறித்துப் போராடின. ஸ்வச்சுக்கும் கஷ்டங்கள் குறையவில்லை: கட்டணம் தராமல் இழுத்தடிக்கும் வீடுகள், பிரிக்க இடமில்லாத பகுதிகள், முதல் உடன்படிக்கை முடிந்த பிறகு நீட்டிப்புக்கு நீட்டிப்பு என்று காத்திருந்த நிச்சயமற்ற காலங்கள், ஒப்பந்தக் கம்பெனிகளின் போட்டி. இருந்தும், 2016-இல் மத்திய சர்க்கார் புதுப்பித்த திடக்கழிவு விதிகள் குப்பை பொறுக்குவோரைப் பெயர் சொல்லி ஏற்று, அவர்களை நகரத்தின் ஏற்பாட்டில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று உள்ளாட்சிகளுக்குக் கட்டளையிட்டபோது, புனேயின் உதாரணம் அதற்குப் பின்னே பலமாக நின்றது.

டன் கணக்கில் கூலி வாங்கும் ஒப்பந்தக்காரருக்குக் குப்பை கூடக் கூட லாபம். அது குறைந்தால் நஷ்டம். குப்பையிலிருந்து பொருளைப் பிரித்தெடுத்துப் பிழைப்பவளுக்கோ, கிடங்குக்குப் போவது எவ்வளவு குறைகிறதோ அவ்வளவும் வரவு. நகரத்தின் நன்மையும் ஒருவருடைய ஜீவனமும் ஒரே திசையில் ஓடுவது அபூர்வம். அப்படி ஓடுகிற இடத்தில் அந்த மனிதருக்கு உரிமையைக் கொடுத்து நிலைபெறச் செய்வதைவிடச் சிக்கனமான சுகாதாரத் திட்டம் எந்த நிபுணராலும் வகுக்க முடியாது. குறைப்பது, மறுபடி உபயோகிப்பது என்று நாம் இன்று பள்ளிப் பிள்ளைகளுக்குப் போதிக்கும் தர்மத்தை, யாரும் போதிக்காமல் வயிற்றுக்காகச் செய்து வந்தவர்கள் இவர்கள். அவர்களிடம் கற்றுக்கொண்டு, கற்றதற்கு உரிய விலையையும் கொடுப்பதே நகரவாசிகளாகிய நாம் செய்ய வேண்டியது. அதன் முதல் தவணை, இன்று மாலையே நம் வீட்டில் இரண்டு வாளிகளை வேறாக வைப்பதுதான்.

ஏறக்குறைய இதே காலத்தில், பூமியின் மறுபுறத்தில், கொலம்பியாவின் தலைநகரான பொகோட்டாவில் 1990-இல் ஒன்றுகூடிய குப்பை பொறுக்குவோர், வீதியில் பெற முடியாத உரிமையைத் தேடித் தேசத்தின் அரசியல் சாசன நீதிமன்றத்தின் வாசலை மிதித்தார்கள். அந்த வழக்கையும் அதன் தீர்ப்பையும் அடுத்த இதழில் காண்போம்.

(தொடரும்)